விரலிடுக்கில் ஈரம்

மழைக்காலத்தில் மலைப்பாதையில் நடப்பவரால் கால்களை நனையாமல் காப்பாற்ற முடியாது. இவ்வளவு எளிய விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருட மழையும் ஒரு கால்நகமும் தேவைப்பட்டன.

சுதந்திரம் வந்த மூன்றாம் வருடம் மிட்வைஃப் பயிற்சி முடித்து, குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த சிறிய அரசு மருந்தகத்தில் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது தாழக்குடிப் பக்கம், நெல்வயல்களுக்கு நடுவில். நடவுக் காலத்தில் வயலில் இறங்குகிற பெண்களுக்குக் கால்விரல் இடுக்குகள் வெந்து வெளுத்துப் புண்ணாகும். மருதாணி இலையை அரைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் வயலுக்குப் போவார்கள். சேற்றுப்புண்ணை யாரும் நோயாக எண்ணியதில்லை. நானும் எண்ணியதில்லை.

திருவனந்தபுரத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்த பெரிய டாக்டரம்மா ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். உடம்பில் எந்த மூலையில் சீழ் இருந்தாலும் சரி, அது காய்கிற வரைக்கும் பிரசவிக்கிற பெண்ணைத் தொடக் கூடாது. காதில் இருந்தாலும் கூடாது, கால் நகத்தில் இருந்தாலும் கூடாது. பிரசவம் நல்லபடி முடிந்து, மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, பத்தாம் நாள் செத்துப்போன பெண்களை அந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருந்தோம். அதனால் அந்த விதியை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மருந்தகத்தில் கம்பவுண்டர் ஒருவரும் நானும்தான் நிரந்தரமாக இருந்தோம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். இரண்டு ரப்பர் எஸ்டேட்டுகளும் காணி மலைவாசிகளின் மூன்று குடியிருப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. பஸ் போகிற சாலை மருந்தகத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். தூரத்து எஸ்டேட்டின் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, மூன்று மைல். பாதை நேராகப் போகாது. ஒரே ஓடை வளைந்து வளைந்து குறுக்கே வரும். போகும்போது நான்கு தடவை கடக்க வேண்டும், வரும்போது நான்கு தடவை. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை ஆடி வரைக்கும் நீடிக்கும். கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு ஐப்பசியில் அடுத்த மழை. வருடத்தில் ஏழு மாதம் பாதை ஈரம்.

முதலில் கோட்டாறில் வாங்கிய தோல் செருப்போடு நடந்தேன். மூன்றாம் நாள் தோல் ஊறி உப்பியது, ஐந்தாம் நாள் வார் அறுந்தது. அடுத்தது கான்வாஸ் ஷூவும் காலுறையும். முதல் ஓடையில் இறங்கியதும் ஷூவுக்குள் தண்ணீர் புகும். பிறகு நாள் முழுக்க ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்று சத்தம். மாலையில் ஷூவைக் கழற்றினால் பாதம் நெடுநேரம் துணி துவைத்தவளின் உள்ளங்கை மாதிரி சுருங்கி வெளுத்திருக்கும். அந்த ஈரத்தைக் காய வைக்க வழியில்லை. எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் மனமிரங்கி, ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைப்புரையில் என் ஷூவையும் ஒரு கழியில் தொங்கவிட்டார். காலையில் அது காய்ந்து கருவாடு போல விறைத்திருந்தது. காலுக்குள் நுழைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அன்று நான் போன பிரசவ வீட்டில், அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோயிற்றா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் பூட்ஸ் வந்தது. எஸ்டேட் துரையின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது, முழங்கால் உயரத்துக்கு இருந்த தன் ரப்பர் பூட்ஸை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் காலைவிட இரண்டு விரற்கடை நீளம். முன்பக்கத்தில் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கால் நனையவில்லை. அட்டைகள்கூட பூட்ஸின் மேலே வழுக்கி விழுந்தன. வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் மூன்றாவது கடவில், அதாவது ஓடையைக் கடக்கும் இடத்தில், தண்ணீர் கூடியிருந்தது. நான் கவனிக்கவில்லை. நடு ஓடையில் தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஒரு நொடியில் இரண்டு கால்களும் நிறைகுடங்களாயின. தூக்க முடியவில்லை. அடுத்த நொடி மல்லாந்து விழுந்தேன். தண்ணீர் ஆழமில்லை, இடுப்பளவுதான். ஆனால் கால்களை யாரோ அடியில் பிடித்து வைத்த மாதிரி இருந்ததால் எழ முடியவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது.

அக்கரையிலிருந்து ஒருத்தி சாடி இறங்கி என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். என்னைவிட நான்கைந்து வயது கூடுதல் இருக்கும். கரைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீரோடு ஒரு சின்ன மீனும் விழுந்தது.

"இந்த ரெண்டு தவலையையும் காலுல மாட்டிக்கிட்டு எங்க போறிய நர்சம்மா?" என்று கேட்டாள்.

"கால் நனையக் கூடாதுன்னுதான்."

"இப்ப நனையல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் காலைப் பார்த்தேன். வெறுங்கால். குதிகாலில் வெடிப்பு இருந்தது, விரல்களில் ரப்பர் கறை இருந்தது, ஆனால் விரலிடுக்கு சுத்தமாக இருந்தது. என் இடுக்குகளில் தோல் அப்போதே வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான், "உங்களுக்குப் பழகின காலு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பூட்ஸை மருந்தகத் தாழ்வாரத்தில் வைத்தேன். அதன் பிறகு அதில் கம்பவுண்டர் வெற்றிலைக் கொடி நட்டார்.

மறுபடி கான்வாஸ் ஷூ. அந்த வருடம் முழுக்க விரலிடுக்குப் புண் வந்துவந்து போயிற்று. ஊதா மருந்தைத் தடவிக்கொண்டு நடந்தேன். புண்ணோடு இரண்டு பிரசவங்களையும் பார்த்தேன். சீழ் இல்லை, வெறும் தோலுரிவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு தாய்மாரும் நன்றாகவே இருந்தார்கள். இருந்தாலும் பத்து நாளும் அவர்களுக்குக் காய்ச்சல் உண்டா என்று ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயந்துதான் கேட்டேன் என்பதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் அது பழுத்தது. இடதுகாலில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையே முதலில் அரிப்பு, பிறகு குத்தல். நான்காம் நாள் விரல் சிவந்து வீங்கி நகத்தின் ஓரத்தில் சீழ் வைத்தது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இதோட நீங்க எங்கயும் போகப்பிடாது" என்றார். நான் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்தேன். அவர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை மழையில் நனைந்தபடி அந்தப் பால்வெட்டுக்காரி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"எனக்க வீட்டுக்காரருக்கத் தங்கச்சிக்குப் பேறு நொம்பலம் தொடங்கியாச்சு. நேத்து உச்சைக்குத் தொடங்கினது. பேறு பார்க்கிற வயத்தாட்டிக் கிழவி மகளைப் பார்க்கக் களியக்காவிளைக்குப் போயிருக்கா. சுமந்து கொண்டு வரலாம்னா ஓடையில கட்டிலோட இறங்க முடியாது. நீங்க வரணும்."

நான் காலை நீட்டிக் காட்டினேன். "என்னால தொட முடியாது. தொட்டா அவளுக்குக் காய்ச்சல் வரும். செத்துப்போவா."

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தொடாண்டாம். வந்து இருங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க. நான் செய்யுதேன்."

கம்பவுண்டர் வேண்டாம் என்றார். ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில்தான் விழும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் போகாவிட்டாலும் ஏதாவது ஆகலாம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. பையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, பஞ்சும் துணியும் சுற்றினேன். அதற்கு மேல் அவள் மடியில் கொண்டுவந்திருந்த மெல்லிய ரப்பர் ஷீட் துண்டை மடித்துச் சுற்றி, கணுக்காலில் வாழைநாரால் கட்டினாள். குதிகாலை ஊன்றி நடந்தேன். நான்கு கடவுகளிலும் அவள் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கடந்தாள். முதல் கடவில் எனக்கு வெட்கமாக இருந்தது. நான்காவதில் ஒன்றும் தோன்றவில்லை. வலி அவ்வளவு இருந்தது.

லயத்தில் ஒரே அறை. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது, தலைப் பிரசவம். அவளுடைய தாய் மூலையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, இடதுகாலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டேன். என் கையை மூன்று தடவை கழுவினேன். தொடப் போவதில்லை என்றாலும் கழுவினேன்.

பால்வெட்டுக்காரியை நகம் வெட்டச் சொன்னேன். பையிலிருந்த கத்தரிக்கோல் தொப்புள்கொடி வெட்ட என்பதால் அதற்குக் கொடுக்கவில்லை. அவள் வீட்டிலிருந்த பிளேடால் வெட்டிக்கொண்டாள். சோப்பும் வெந்நீரும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவச் சொன்னேன். கழுவினாள். இன்னொரு தடவை என்றேன். கழுவினாள். மூன்றாவது தடவை சொன்னபோது, "இந்தக் கறை செத்தாலும் போவாது, கேட்டியளா" என்றாள். விரல்களில் ரப்பர் பால் கறுத்து ஒட்டியிருந்தது. கறை போக வேண்டாம், கழுவினால் போதும் என்றேன். அப்புறம் கிருமி கொல்லும் லோஷன் கலந்த தண்ணீரில் கையை முக்கி எடுத்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. செய்ய வேண்டியதை நான் அவளிடம் சொல்வேன், அவள் பார்ப்பதை என்னிடம் சொல்வாள். நான்கு முழ தூரம்தான், ஆனால் அவள் முதுகு மறைத்தது. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னதை அவள் தன் பேச்சில் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் நான் சொன்னால் கேட்கவில்லை, அவள் சொன்னால் கேட்டாள்.

தலை வந்ததும் அவள் குரல் மாறியது.

"கழுத்துல கொடி சுத்திக் கெடக்கு."

"இறுக்கமா இருக்கா? ஒரு விரல் உள்ள போகுதா பாரு."

"போவுது."

"அப்படியே தூக்கித் தலைக்கு மேலாக் கழட்டு. இழுக்காத. பைய."

அவள் இன்னும் குனிந்து விரலை நுழைத்தாள். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிடம்கூட இருக்காது. "கழண்டாச்சு" என்றாள்.

குழந்தை பிறந்தது. அழவில்லை. துணியால் முதுகைத் தேய்க்கச் சொன்னேன், வாயைத் துடைக்கச் சொன்னேன், உள்ளங்காலில் சுண்டச் சொன்னேன். மூன்றாவது சுண்டலில் பூனை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அழுகை. அடுப்படியிலிருந்த தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்தது என்று நினைத்தோம். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. அவள் விலகியபோது பாய் நனைவது எனக்கே தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன். இடதுகாலை அறைக்குள் ஊன்றிவிட்டேன். என் கை என்ன செய்ய வேண்டும் என்று அதற்கே தெரியும். நூறு தடவை செய்திருக்கிறது.

அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "நீங்க வராண்டாம்! வாயால சொல்லுங்க, போதும்!"

நின்றேன். படியில் உட்கார்ந்தேன். "தொப்புளுக்குக் கீழே கையை வை. பந்து மாதிரி ஒண்ணு தட்டுப்படுதா? அதை அழுத்தி உருட்டித் தேய். விடாத. அவளுக்கு வலிக்கும், அழுவா, விடாத." அவள் தேய்த்தாள். அந்தப் பெண் அழுதாள். குழந்தையைப் பெற்றவளின் மார்பில் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் கல் மாதிரி இறுகிவிட்டது என்று சொன்னாள். ரத்தம் குறைந்து நின்றது.

திரும்பி வந்த நடை எனக்குச் சரியாக நினைவில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. மருந்தகத்தை அடைந்தபோது காய்ச்சல் நூற்று மூன்று. டாக்டர் வந்து கீறி சீழை எடுத்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து பென்சிலின் வரவழைத்துப் போட்டார். பதினோரு நாள் படுத்திருந்தேன். சுண்டுவிரல் நகம் விழுந்தது, பிறகு முளைக்கவில்லை.

படுத்திருந்த நாட்களில் மேஸ்திரியின் தபால்பையோடு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வாய்ச்சொல் வரும்: காய்ச்சல் இல்லை. மறுநாளும்: காய்ச்சல் இல்லை. பத்தாம் நாள் வந்த சொல்லைக் கேட்ட பிறகுதான் கம்பவுண்டர் கொண்டுவந்த கஞ்சியை முழுசாகக் குடித்தேன்.

பயிற்சியில்லாத ஒருத்தியைப் பிரசவம் பார்க்க விட்டது ஏன் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. யார் எழுதிப் போட்டார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதினேன். டாக்டர் அதன் கீழே இரண்டு வரி சேர்த்தார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

நடக்க முடிந்ததும் லயத்துக்குப் போனேன். வெறுங்காலோடு போனேன், ஏனென்றால் ஷூ புண்ணின் தழும்பில் உரசியது. குழந்தை நன்றாக இருந்தது. பால்வெட்டுக்காரி வேலை முடிந்து வருகிற நேரம். அவள் வாசலில் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், ஆனால் பேச வரவில்லை. முதலில் காலைக் கழுவினாள். ஒரு பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக விரித்து இடுக்கைத் துடைத்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாதத்தைச் சூட்டில் காட்டினாள். காய்ந்த பிறகு இடுக்கில் மஞ்சள் குழைத்த எண்ணெயைத் தொட்டு வைத்தாள். எல்லாம் முடித்த பிறகுதான், "சுகமாயிட்டா?" என்று கேட்டாள்.

"தினமும் இப்படியா?"

"பின்ன? வேலை முடிஞ்சா காலைக் காய வைக்காண்டாமா? அன்னைக்கு ஓடைக்கரையிலயே சொல்ல வந்தேன். நீங்க பழகின காலுன்னு சொல்லிட்டிய. காலு நனையும். நனைஞ்சா என்ன? நீங்க வெள்ளத்தை ஷூவுக்குள்ள கெட்டி வச்சுக்கிட்டு நாள் முழுக்க நடக்கிய. எனக்குக் கரைக்கு ஏறினா வடிஞ்சு போவுது."

நான் படித்தவள். அவள் சொன்னதில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. ஈரம் தோலை ஊற வைக்கும், ஊறிய தோலில் கிருமி நுழையும், இதையெல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நான் கால் நனையாமல் இருக்கத்தான் பாடுபட்டேனே தவிர, நனைந்த காலைக் காய வைக்கப் பாடுபடவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் கட்டன்காப்பி கொடுத்தாள், குடித்தேன்.

லயத்துப் பெண்கள் அதற்குப் பிறகு அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் ஒருவரிடமும் போகவில்லை. நான் கேட்டபோது, "அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்தக் கழுத்துக் கொடி எனக்க விரலுலயே கெடந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு மரத்தை வெட்டினாப் போதும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

என் நடை மாறியது. ஓடையிலும் சேற்றிலும் வெறுங்காலோடு போனேன். அட்டைக்குக் கணுக்காலில் புகையிலைத் தண்ணீர் தடவினேன். கல்பாதையில் மட்டும் டயர் செருப்பு. அதில் தண்ணீர் தங்காது. பையின் அடியில் ரப்பர் ஷீட்டில் பொதிந்து நான்கு காய்ந்த துணிகள் வைத்திருப்பேன். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கால் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, இடுக்கில் பஞ்சு செருகிக்கொண்டு உட்காருவேன். நர்சம்மா வந்தால் முதலில் காலுக்குச் சிங்காரம் செய்வாள் என்று லயத்தில் சிரித்தார்கள். அடுத்த நான்கு வருட மழையிலும் ஒரு நாள்கூட எனக்குக் காலில் சீழ் வைக்கவில்லை. ஒரு பிரசவத்தையும் வாசற்படியிலிருந்து பார்க்க வேண்டி வரவில்லை.

மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம் என்னைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்தவள் மார்த்தாண்டத்துக்காரி, நல்ல கெட்டிக்காரி. கையில் புதிய ஷூ ஒரு ஜோடி. பாதையையும், எந்தக் கடவில் எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். காலைக் காய வைக்கிற விஷயத்தையும் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, குடியிருக்கும் வீட்டில் ஓடு ஒழுகுமா என்று விசாரித்தாள். கிழக்கு மூலையில் மட்டும் ஒழுகும் என்றேன். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்த வருட மழையில் அவள் கால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.